ஆட்டின் முறை



மனிதர்கள் முயன்று உலகத்திலிருந்தே அடியோடு ஒழித்த நோய்கள் இதுவரை இரண்டுதான். பெரியம்மை ஒன்று. 1980இல் அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று மாடுகளைக் கொன்ற வெக்கை நோய். 2011 ஜூன் 28 அன்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு ரோமில் கூடி அதை அறிவித்தது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகத் தென்பட்டது 1995இல், அன்றைய வட ஆற்காட்டில். அதே மாவட்டத்து இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து நிலையம் இயங்கிவந்தது. தடுப்பூசி தயாராகிற மாவட்டத்திலேயே நோய் கடைசிவரை தங்கியிருந்தது என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அந்தப் பக்கத்தில் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வியப்பில்லை. ஊசி தயாராவது வேறு, போய்ச் சேர்வது வேறு. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

வெக்கை ஒழிந்ததை வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் ஓர் ஆடு இருக்கிறது. அதை நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் மாட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1865–66இல் வெக்கை பெரும் நாசம் விளைவித்தது. அந்த அச்சம் அடங்குவதற்குள் இந்தியாவில் 1869இல் ஒரு மாட்டு நோய் ஆணையம் அமைக்கப்பட்டது. 1871இல் அது அறிக்கை தந்தது. ஆங்கிலேய அரசுக்கு இந்திய மாட்டின்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடவில்லை. ஏர் மாடு செத்தால் உழவு இல்லை, உழவு இல்லையென்றால் நிலவரி இல்லை. பாரம் இழுக்கும் மாடு இல்லாமல் படையும் நகராது. 1889இல் புனேயில் தொடங்கிய ஆய்வுக்கூடம் சில ஆண்டுகளில் இமயமலைச் சாரலில் முக்தேஷ்வருக்குப் போனது. நோய்க் கிருமியை வைத்து ஆய்வு செய்ய ஊர்களைவிட்டு ஒதுங்கிய இடம் வேண்டியிருந்தது.

வெக்கை மாட்டை மட்டும் கொல்லவில்லை. 1887 வாக்கில் இத்தாலியப் படையோடு எரித்ரியாவில் இறங்கிய அது, பத்தே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் தென்கோடிவரை போயிற்று. தொட்ட இடங்களில் பத்தில் எட்டு ஒன்பது மாடுகள் விழுந்தன. எத்தியோப்பியாவில் உழ மாடில்லாமல் பஞ்சம் வந்து, மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மடிந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. மாட்டின் பாலையும் இரத்தத்தையும் நம்பி வாழ்ந்த மசாய் மக்கள் நிலைகுலைந்தார்கள். காலனி அரசுகள் வந்து நிலத்தைப் பிடிக்க அதுவே வழிவிட்டது.

இந்தியாவில் வேறொரு விளைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட மாகாணங்களில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, தோலுக்காகச் சமார் சாதியினர் பாஷாணம் வைத்துக் கொல்கிறார்கள் என்று போலீஸ் கிளம்பியது. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, மாடு ஏன் செத்தது என்றும் அவர்களையே கேட்டார்கள். வரலாற்றாசிரியர் சௌரப் மிஸ்ரா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். படிக்கும்போது எனக்கு நம் ஊர்ப் பேச்சுகள்தாம் காதில் விழுந்தன. கொள்ளைநோய் வந்தால் கிருமியைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடுவது நமக்குப் புதிதல்ல.

இப்போது ஆட்டுக்கு வருகிறேன். 1920களில் முக்தேஷ்வரில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் செலுத்தி, ஓர் ஆட்டிலிருந்து எடுத்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து அதற்கடுத்த ஆட்டுக்கு என்று மாற்றிக்கொண்டே போனார். இப்படிப் பல ஆடுகளைக் கடந்து வந்த கிருமிக்கு மாட்டைக் கொல்லும் வீரியம் குறைந்துபோனது. ஆனால் எதிர்ப்புச் சக்தியை மட்டும் மாட்டுக்குக் கொடுத்தது. ஆட்டின் மண்ணீரல் திசுவிலிருந்து செய்த அந்தத் தடுப்பூசியை வைத்துத்தான் 1954இல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கான மாடுகள் பிழைத்தன. பின்னால் வால்டர் பிளவ்ரைட் செய்த செல் வளர்ப்புத் தடுப்பூசி வந்து வேலையை முடித்தது.

மாட்டுக்கு மருந்தாக ஆடு வெட்டுப்பட்ட அந்தக் காலம் முழுவதும், ஆட்டுக்கென்றே ஒரு நோய் இருந்திருக்கிறது. வெக்கைக் கிருமிக்கு நெருங்கிய உறவு. மனிதருக்கு வரும் தட்டம்மையும் நாய்க்கு வரும் டிஸ்டெம்பரும்கூட அதே குடும்பம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942இலேயே இதைத் தனி நோயாகக் கண்டு எழுதிவிட்டார்கள். இங்கே ஆடுகள் மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து செத்தபோது ‘ஆட்டுக்கும் வெக்கை வந்திருக்கிறது’ என்று எழுதிக் கோப்பை மூடினோம். 1987இல்தான் விழுப்புரத்துக்கு அருகே அரசூரில், அன்றைய தென்னாற்காட்டில், செம்மறியாடுகளுக்கு வந்தது வெக்கை அல்ல, ஆட்டுக்கொல்லி என்று உறுதியானது. இந்தியாவில் முதல் முறை. அந்த ஊரில் எடுத்த கிருமிக்கு ஊர்ப்பெயரே நிலைத்தது. பிற்பாடு நம் கால்நடைப் பல்கலைக்கழகம் அதிலிருந்து ஒரு தடுப்பூசியும் செய்தது. உலக அறிவியல் இதழ்களில் ‘அரசூர் 87’ என்று படிக்கலாம்.

1994 வரை இது தென்னிந்திய நோய் என்றே கருதப்பட்டது. அந்த ஆண்டு வட மாநிலங்களிலும் வெளிப்பட்டது. இமாச்சலத்து சுங்ரியில் எடுத்த கிருமியிலிருந்து முக்தேஷ்வரில் இன்னொரு தடுப்பூசி உருவானது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு முடிச்சு உண்டு. வெக்கைத் தடுப்பூசி ஆட்டுக்கொல்லியிலிருந்தும் ஆட்டைக் காக்கும். ஒரு நாடு வெக்கை இல்லாத நாடு என்று நிரூபிக்க வேண்டுமானால் அந்த ஊசியை எல்லா விலங்குகளுக்கும் நிறுத்தியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. நிறுத்தினோம். மாடு கரையேறியது, ஆட்டுக்கு இருந்த அரைகுறைப் பாதுகாப்பும் போயிற்று.

விஞ்ஞானிகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த விலங்கின் நோய்க்கு முதலில் பெயர் கிடைக்கிறது, எதற்கு முதலில் பணம் ஒதுக்கப்படுகிறது என்பது அந்த விலங்கு யார் வீட்டில் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. காளை, நிலம் உள்ளவன் வீட்டில் நின்றது. ஆடு பெரும்பாலும் நிலம் இல்லாத வீட்டில், அதிலும் பெண்ணின் பொறுப்பில் நிற்கிறது.

2019ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வெள்ளாடுகள் ஏறத்தாழ 14.9 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் 99 லட்சம் அளவில் இருக்கின்றன. மாடுகளைவிடச் சற்று அதிகம். கால்நடை மருந்தகத்தின் அன்றாட வேலையைப் பார்த்தால் இந்த எண்ணிக்கை நம்பமுடியாததாக இருக்கும். சினை ஊசி, சினைப் பரிசோதனை, மடிநோய், பால் குறைவு என்று காலைப்பொழுது முழுவதும் மாடுதான். ஆட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர் வராந்தாவின் ஓரத்தில் நிற்பார்.

நாலைந்து ஆடு வைத்திருக்கும் ஒரு வீட்டைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ஆடு ஐந்து மாதச் சினை. பெரும்பாலும் இரட்டைக் குட்டி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஆண்டில் மூன்று ஈத்து. பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு குட்டி, தீபாவளிக்கு ஒன்று, பக்ரீத் நெருங்கினால் நல்ல கிடாவுக்கு நல்ல விலை, யாருக்காவது உடம்புக்கு வந்தால் எந்த மாதமானாலும் ஒன்று. குலதெய்வத்துக்கு நேர்ந்து விட்டது தனி. அதற்கு விலையே கிடையாது, ஆனால் அது செத்தால் வீடே கலங்கும். நிலம் கணவர் பெயரில் இருக்கும். நகையைத் தொட்டால் மாமியார் கேட்பார். யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெண் விற்கக்கூடிய சொத்து என்று அந்த வீட்டில் ஏதாவது இருந்தால், அது பெரும்பாலும் ஆடுதான். 2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடு கொடுத்ததன் கணக்கும் இதுவே. திட்டத்தைக் கேலி செய்தவர்கள் பலர். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான்கு ஆடு ஒரு குடும்பத்தை நிமிர்த்தும் என்று நம்புகிறவன் நான். ஆனால் பல சந்தைகளில் வாங்கிய ஆடுகளை ஒரே ஊருக்குள் இறக்கும்போது, அவற்றோடு எந்தெந்த நோய் இறங்குகிறது என்று பார்க்கக் கொஞ்சம் காலம் வேண்டும். ஆளுக்கு நான்கு என்று எண்ணிக் கொடுக்கும் அவசரத்தில் அந்தக் காலம்தான் முதலில் வெட்டுப்படும்.

ஆட்டுக்கொல்லி எப்படி நுழையும்? முதல் நாள் காய்ச்சல். ஆடு மேயாமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். அடுத்து மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுகி, அது கெட்டியாகி மூக்கை அடைக்கும். வாய் திறந்தால் நாற்றம். ஈறிலும் நாக்கிலும் புண். பிறகு கழிச்சல், இருமல், மூச்சுத் திணறல். சினையாடு குட்டியைத் தள்ளிவிடும். ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும். முன்பு நோய் பார்க்காத மந்தையென்றால் பாதிக்கு மேல் போகலாம், குட்டிகள்தாம் முதலில்.

நோயின் சமூக விளைவு என்றால், இத்தனை ஆடு செத்தது, ஓர் ஆட்டின் விலை இவ்வளவு, பெருக்கிப் பார் என்று முடித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் சாவுக்கு முந்தைய மூன்று நாள்தான் முக்கியம்.

மூக்கொழுகத் தொடங்கியதுமே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். பக்கத்துத் தெருவில் பார்த்திருப்பாள். அவள் முன்னால் இரண்டு வழி. வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது ஒன்று. இந்த நோய்க்கென்று மருந்து கிடையாது, கூடச் சேரும் மற்றக் கிருமிகளை மட்டும் ஊசியால் அடக்கலாம். அதற்கும் ஆள் வர வேண்டும், பணம் வேண்டும். இன்னொன்று, நிற்கிறபோதே விற்றுவிடுவது. வியாபாரி அன்று மாலையே வந்துவிடுவார், அவருக்கும் தெரியும். பேசுகிற விலை, போன வாரம் கேட்டதில் சொற்பம். ஒழுகாத ஆட்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவாள், நாளைக்கு அதுவும் ஒழுகினால் என்ற பயத்தில். அந்த ஆடுகளில் சில கறிக்கடைக்குப் போகும். சில வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தைக்குப் போகும். அங்கிருந்து வியாழக்கிழமை அய்யலூருக்கோ, அதற்கும் அப்பாலோ. இந்தக் கிருமி வெயிலில் நெடுநேரம் தாங்காது. ஆட்டோடு ஆடு மூச்சு முட்ட நெருங்கி நின்றால்தான் தொற்றும். சந்தையில் வேறெப்படி நிற்கும்?

இதற்கு விழிப்புணர்வுப் பலகை வைப்பதால் பயன் இல்லை. அவள் செய்தது அறியாமை அல்ல, கணக்கு. வைத்திருந்தால் முழு நட்டம், விற்றால் கொஞ்சமாவது மிஞ்சும். அவள் நட்டத்தை வேறு யாராவது ஓரளவு தாங்காதவரை அந்தக் கணக்கு மாறாது.

2009இல் வந்த விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஆட்டுக்காரர் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் அந்தப் பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம், சந்தையை நிறுத்தலாம், ஆடு வெளியே போகக் கூடாது. சட்டத்தில் தவறில்லை. ஆனால் சொல்கிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செத்த ஆட்டுக்கு இழப்பீடு இல்லை, விற்கக்கூடிய ஆட்டையும் விற்க முடியாது, ஊரார் ஆட்டையும் முடக்கியவள் என்ற பெயர் வேறு. பறவைக் காய்ச்சலுக்குக் கோழியை அழித்தால் அரசு இழப்பீடு தருகிறது. அதனால்தான் கோழிப்பண்ணைக்காரர் சொல்கிறார்.

இங்கிலாந்தில் 2001இல் கோமாரி வந்தபோது அறுபது லட்சத்துக்கு மேல் விலங்குகளைக் கொன்றார்கள். பண்ணையாளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், மிக மோசமாக அடிபட்ட கம்பிரியா பகுதியில் ஐம்பத்து நான்கு பேரை 18 மாதம் வாராவாரம் நாட்குறிப்பு எழுத வைத்தார்கள் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார். விவசாயிகள் மட்டுமல்ல, வண்டி ஓட்டியவர், கால்நடை மருத்துவர், கடைக்காரர் எல்லோரும். தூக்கமின்மை, பக்கத்து வீட்டாரோடு பேச்சு நின்றது, அரசின் மேல் நம்பிக்கை போனது எல்லாம் அதில் பதிவாயின. பணம் வந்த பிறகும் ஆறாத காயங்கள் அவை. நம் ஊரில் அப்படி ஒரு நாட்குறிப்பு எழுதச் சொன்னால் என்னென்ன வரும்?

வாரத்துக்கு விட்ட ஆட்டின் வழக்கு வரும். வசதி உள்ள ஒருவர் பெட்டைக் குட்டி வாங்கிக் கொடுப்பார், இல்லாதவர் வளர்ப்பார், ஈன்றதில் பாதி பாதி. பெரும்பாலும் வாய்ப்பேச்சு ஒப்பந்தம். அந்த ஆடு செத்தால் உடைமைக்காரர் கண்ணால் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் விற்றுத் தின்றுவிட்டாள் என்ற பேச்சு கிளம்பும். அவர் வெளியூர் போயிருந்தால் செத்த ஆட்டை வாசலில் போட்டுக் காவல் இருக்க வேண்டும். அண்டை வீட்டார் புதைக்கச் சொல்லிக் கத்துவார்கள். நடுவில் நிற்பது வளர்த்தவள்.

கிடைக்காரர் மேல் விழும் பழி வரும். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட ஊர் ஊராக ஆடு ஓட்டி வருகிறார்கள். அவர்கள் மந்தையின் எருவுக்காக மிராசுதார் வரவேற்பார். உள்ளூர் ஆடு இரண்டு தும்மினால் அதே ஊர் அவர்களை இரவோடிரவாக விரட்டும். நோய் அவர்களிடமிருந்து வந்திருக்கலாம். உள்ளூர் ஆட்டிடமிருந்து அவர்களுக்குப் போயிருக்கவும் கூடும். விரட்டிய மந்தை அடுத்த ஊருக்குத்தான் போகும்.

குழுக்கடன் வரும். ஆடு வாங்க எடுத்த கடனுக்கு ஆடு செத்த வாரமும் தவணை உண்டு. அவளுக்காகக் கையெழுத்துப் போட்ட மற்றப் பெண்கள் வாசலில் வந்து உட்காருவார்கள். கல்லூரிக்குப் பணம் கட்டுவதாக இருந்த பெண்பிள்ளைக்கு ‘இந்த வருஷம் போகட்டும்’ என்று சொல்லப்படும். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் கொடுக்க மேஸ்திரிகள் ஊருக்குள் வருவதுண்டு. அந்த முன்பணத்தை வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் வீட்டில் ஆடு இருந்தால் வாங்காமல் இருக்க முடிகிறது. ஆடு போன வீடு வாங்கிவிடுகிறது. எந்த நட்டக் கணக்கிலும் இது ஆட்டின் சாவு என்று எழுதப்படுவதில்லை. குடும்பம் இடம்பெயர்ந்தது என்று வேறொரு துறையின் ஏட்டில் ஏறும்.

மாட்டுக்கு நோய் வந்தால் நிலைமை வேறு. 2022இல் தோல் கழலை நோய் ராஜஸ்தான், குஜராத் தொடங்கி நாடெங்கும் பரவியது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்தன. தொலைக்காட்சிகள் இரவும் பகலும் காட்டின, காட்ட வேண்டியதுதான். அப்போது அவசரத்துக்கு மாடுகளுக்குப் போட்டது எந்தத் தடுப்பூசி தெரியுமா? வெள்ளாட்டம்மைக்கென்று ஆட்டுக்குச் செய்த ஊசி. இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவு என்பதால் அது மாட்டையும் ஓரளவு காத்தது. எட்வர்ட்ஸ் காலத்துக்கு நூறாண்டு கழித்து மறுபடியும் ஆட்டின் கணக்கிலிருந்து மாட்டுக்கு.

ஆட்டுக்கொல்லியை ஒழிக்க முடியாதா என்றால், வெக்கையைவிட எளிது என்றுகூடச் சொல்லலாம். தடுப்பூசி நம்மிடமே தயாராகிறது. ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்றாண்டு காக்கும். கிருமிக்குப் பல வகைகள் இருந்தாலும் ஒரே ஊசி எல்லாவற்றுக்கும் போதும். 2010இல் இந்தியாவில் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. 2015இல், நோய் முதலில் அடையாளம் காணப்பட்ட அதே ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில் உலக நாடுகள் கூடி, 2030க்குள் ஒழிப்பதென்று இலக்கு வைத்தன. அந்த ஆண்டு எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருக்கிறது.

எங்கே சிக்கல் என்றால், மாட்டை வைத்துப் பழகிய வழிமுறையை ஆட்டுக்கும் போடுகிறோம். மாடு பல ஆண்டு அதே கொட்டிலில் நிற்கும். ஆட்டு மந்தை இரண்டு மூன்று ஆண்டில் ஏறக்குறையப் புது மந்தை ஆகிவிடும். போன ஆண்டு ஊசி போட்ட ஆடு இன்று குழம்பாகியிருக்கும். அதன் இடத்தில் ஊசி போடாத குட்டி நிற்கும். ஆகவே ஒரு பெரிய இயக்கம் நடத்தி விழா எடுத்துவிட்டு ஓய முடியாது. மூன்று நான்கு மாதம் கடந்த குட்டிகளைத் தேடித் தேடி ஆண்டுதோறும் போட வேண்டும்.

அடுத்தது நேரம். முகாம் பத்து மணிக்கு என்று அறிவிக்கிறோம். பத்து மணிக்கு ஆடு ஏரிக்கரையில், ஆட்டுக்காரி நூறு நாள் வேலையில். அந்த நேரத்தில் ஊரில் இருப்பது கட்டிப்போட்ட மாடு மட்டும்தான். ஏட்டில் முகாம் நடந்ததாகப் பதிவாகும், நடந்ததும் உண்மைதான்.

கடைசியாகப் புட்டி. இளம் மருத்துவர்கள் முன்வரிசையில் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி உறைநிலையில் உலர்த்திய தூளாக வருகிறது. பெரும்பாலும் நூறு ஆட்டுக்கு ஒரு புட்டி. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். ஊர்த்தெருவில் நூறு ஆடு சேர்ந்துவிடும். தள்ளியிருக்கும் காலனியிலோ இருளர் குடியிருப்பிலோ முப்பது ஆடுதான் இருக்கும். முப்பது ஆட்டுக்காகப் புட்டியை உடைத்தால் எழுபது ஊசி வீண்; வீணானதற்குக் கணக்குக் கேட்பார்கள். போடாமல் விட்ட முப்பது ஆட்டுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. எனவே அதிகாரி பெரிய தெருவோடு திரும்பிவிடுகிறார். அவர் கெட்டவர் அல்ல, தணிக்கைக்குப் பயந்தவர். நோய் அந்த முப்பதில் தங்கி, அடுத்த ஈத்துக் குட்டிகள் ஊர்த்தெருவில் பெருகும்வரை காத்திருக்கும்.

இருபத்தைந்து ஆட்டுக்கான சிறு புட்டி செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். விலை சற்றுக் கூடும். கொள்முதல் குழுவில் ஒப்பந்தப்புள்ளி போடும்போது ஓர் ஊசிக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஊசி போட்ட ஓர் ஆட்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால் சிறு புட்டியே மலிவு என்று தெரியும். இங்கே படித்துவிட்டு நாளை மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் முதல் தேவைப்பட்டியலிலேயே அதைக் கேட்டு எழுதுங்கள். முகாமைக் காலை ஆறு மணிக்கு, பட்டி திறப்பதற்கு முன்னால், காலனியில் தொடங்குங்கள். ஊர்த்தெரு எட்டு மணிக்கு இருக்கட்டும்.